ஒரு ஆள் டென்ட்

அப்பாவைப் புரட்டிப் படுக்க வைப்பது இரண்டு ஆள் வேலை. கட்டிலின் சுவரோரமாக மருமகள் நிற்பாள். கதவுப் பக்கம் மகன். அப்பாவுக்கு அடியில் தோளிலிருந்து தொடை வரைக்கும் ஒரு தடித்த துணி எப்போதும் விரித்தே கிடக்கும். கர்ட்டனுக்கு உள்பக்கம் கொடுக்கிற லைனிங் துணி, கடையில் மிஞ்சியது. அதன் ஓரங்களை இருவரும் சுருட்டிப் பிடித்து, ஒரே மூச்சில் தூக்கி, ஒருக்களித்துத் திருப்பி, முதுகுக்கு ஒரு தலையணை, முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணை. ஒரு பக்கத்து ஆள் கொஞ்சம் அசந்தாலும் அவ்வளவு கனமும் இன்னொருவர் இடுப்பில் வந்து இறங்கும். அப்பாவுக்கு வாதம் வந்ததில் பேச்சு போய்விட்டது. சாப்பாட்டு ஆசை போகவில்லை. ஆள் முன்னைவிடக் கனத்துத்தான் இருந்தார்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் திருப்ப வேண்டும். புண் வந்துவிட்டால் அவ்வளவு லேசில் ஆறாது என்று நர்ஸ் சொல்லியிருந்தார். பகலில் மகன் வேலைக்குப் போயிருக்கும்போது மாடிப்படிக்குக் கீழே துணி தேய்க்கிறவர் வந்து கை கொடுப்பார். ராத்திரிக்கு யாரைக் கூப்பிடுவது? ஆகவே நாலு வருஷமாகப் புருஷன் பெண்டாட்டி இருவரும் ஒரு ராத்திரிகூட ஒருவரை விட்டு ஒருவர் எங்கும் போனதில்லை. கேட்பவர்களுக்கு இது பெரிய அன்னியோன்னியமாகத் தெரிந்தது.

மகனுக்குக் கடையில் நெட்டை என்று பேர். ஜன்னல்களுக்கு அளவெடுத்து, கர்ட்டன் தைத்து வந்ததும் கொண்டுபோய் மாட்டிவிட்டு வருவது அவன் வேலை. ஐம்பது வயசு தாண்டியும் சாதாரண ஜன்னலுக்கு ஏணி வேண்டாத ஆள். பைக்கின் பின்சீட்டில் டிரில்லிங் மிஷின் பெட்டி, பக்கவாட்டில் கட்டிய கர்ட்டன் கம்பிகள். ஒரு தடவை சிக்னலில் அந்தக் கம்பி ஒரு காரின் கண்ணாடியைப் பெயர்த்துக்கொண்டு வந்துவிட்டது. அன்றைக்கு வாங்கிய திட்டுக்குப் பிறகு, வண்டியில் எதை வைத்தாலும் கைப்பிடி அகலத்தை ஒரு விரல்கூடத் தாண்டக் கூடாது என்று வைத்துக்கொண்டான்.

ஊருக்கு வெளியே ஏரிக்கரையில் ஒரு விடுதிக்கு அளவெடுக்கப் போனபோதுதான் அந்த டென்ட்டைப் பார்த்தான். ஒரு பைக், அதன் பக்கத்தில் முதலை முதுகு மாதிரி தாழ்வாக ஒரு பச்சைக் கூடாரம். அதன் வாசலில் ஒருவர் காலை நீட்டிக்கொண்டு டீ குடித்துக்கொண்டிருந்தார். நெட்டை வண்டியை நிறுத்தி, வழி கேட்கிற சாக்கில் பேச்சுக் கொடுத்தான். எத்தனை நாளாக இங்கே என்று கேட்டான். தெரியவில்லையே, நேற்றா முந்தாநாளா என்று அந்த மனிதர் நிஜமாகவே யோசித்தார். நெட்டைக்கு அந்தப் பதில்தான் மனதில் தங்கியது. எந்த நேரத்துக்கு எந்தப் பக்கம் திருப்பினோம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லக்கூடிய வீட்டிலிருந்து வந்தவன் அவன்.

அதற்குப் பிறகு சாப்பிடும்போதும் பல் தேய்க்கும்போதும் போனில் டென்ட்தான். கடையில் இது தெரிந்துபோனது. கர்ட்டன் தைக்கிற டெய்லர் விடுவாரா? "டென்ட்டுக்கு எதுக்கு நெட்டை கடை கடையா அலையுற? நானே தச்சுத் தர்றேன். முன்னாடி ரெண்டு பக்கமும் மடிப்பு வச்சு, நடுவுல கட்டுறதுக்குக் குஞ்சம் வச்சு" என்றார். காட்டுக்குள் குஞ்சம் வைத்த டென்ட்டைப் பார்த்தால் கரடிகூட உள்ளே வரலாமா என்று கேட்டுவிட்டுத்தான் வரும் என்று ஒரு வாரம் அதையே சொல்லிச் சிரித்தார்.

நெட்டை சிரிப்பைக் காதில் வாங்கவில்லை. நாலு விஷயத்தில் அவன் உறுதியாக இருந்தான். மடித்த பிறகு கம்புகள் குட்டையாக இருக்க வேண்டும். டிரில் பெட்டி இருக்கிற இடத்தில் குறுக்காக உட்கார வேண்டும். முளை அடிக்காமலே தானாக நிற்க வேண்டும். பாறையில் எங்கே முளை அடிப்பது? அப்புறம் இரட்டைத் துணி. உள்ளே வலை, வெளியே மழைத்துணி. ஒற்றைத் துணி என்றால் நாம் விடுகிற மூச்சே விடிவதற்குள் தண்ணீராகி மேலே சொட்டும்.

இதையெல்லாம் அவன் அப்பாவின் கட்டிலுக்கு இந்தப் பக்கம் நின்று சொல்ல, அந்தப் பக்கம் நின்று பெண்டாட்டி கேட்டாள். தலையணையைச் சொருகிக்கொண்டே, காற்று அடித்தால் கம்பு வளையுமா ஒடியுமா என்று கேட்பாள். ஜிப் ஒரு பக்கம்தானா, இரண்டு பக்கமுமா என்பாள். ஒரு நாள் ரெண்டு பேர் படுக்கிற டென்ட் ஏன் வேண்டாம் என்று கேட்டாள். அதன் கம்பு நீளம், வண்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும் என்றான். சரி என்றாள். இருவரும் சேர்ந்து போவது என்ற பேச்சுக்கே இடமில்லை என்பதால் அந்தக் கேள்வி அதோடு முடிந்தது என்று அவன் நினைத்துக்கொண்டான்.

போவதற்கு வழி திறந்தது அவளுடைய தம்பியால். அச்சகத்தில் வேலை, கல்யாணமாகிக் கொஞ்சம் தள்ளி இருந்தான். ஒரு விசேஷ வீட்டில் டென்ட் கதையைக் கேட்டுவிட்டு, வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டான். "ரெண்டு ராத்திரி நான் வந்து படுத்துக்கறேன் மச்சான். அக்காவும் நானுமா பெரியவரைப் பார்த்துக்கறோம். ஆனா ஒண்ணு, ஒரே ஒரு தடவைதான். என் முதுகு கதை உங்களுக்கே தெரியும்." முதுகில் ஆபரேஷன் ஆனவன் அவன். அவன் பெண்டாட்டி அந்த இடத்திலேயே அவனை ஒரு பார்வை பார்த்தாள். இன்னொரு தடவை கேட்க முடியாது என்பதை எல்லோரும் அந்தப் பார்வையிலேயே புரிந்துகொண்டார்கள்.

அடுத்த வெள்ளிக்கிழமை என்று முடிவானது. அதோடு நெட்டைக்கு எதையாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டிய நிலை. டென்ட் விற்கிற கடைக்குப் போய், பைகளை மட்டும் எடுத்து வரச் சொல்லி, தன் இஞ்ச் டேப்பால் ஒவ்வொரு பையின் நீளத்தையும் சுற்றளவையும் அளந்தான். விரித்துப் பார்க்கிறீர்களா சார் என்று கடைப்பையன் கேட்டதற்கு, வேண்டாம், தரை நீளம் மட்டும் சொல்லு என்றான். சொன்ன நீளம் அவனைவிட ஒரு சாண் கூடுதல். போதும் என்று சாம்பல் நிறத்தில் ஒன்றை வாங்கி வந்தான். பை ஒரு ரொட்டி பாக்கெட்டை விடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். அதை அவளிடம் கொடுத்தபோது அவள் அதைக் கையில் வைத்து எடை பார்த்தாள். வெகு நேரம் பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அப்பாவை இடது பக்கம் திருப்பிவிட்டு, ஹாலில் சோபாவைச் சுவரோடு தள்ளி, டென்ட்டை நிறுத்தினார்கள். கம்பைத் துணியின் கண்ணுக்குள் சொருகி வளைப்பதற்கு ஆளுக்கு ஒரு முனை பிடிக்க வேண்டியிருந்தது. அதில் இருவரும் பழகியவர்கள். ஒண்ணு ரெண்டு என்று எண்ணாமலே சேர்ந்து வளைத்தார்கள். ஹாலின் பாதியை அடைத்துக்கொண்டு டென்ட் எழுந்து நின்றது. மேலே ஃபேன் சுற்ற, அதன் கூரை லேசாகப் படபடத்தது.

நெட்டை தவழ்ந்து உள்ளே போனான். கூடவே வாங்கிய மெத்தைச் சுருளை விரித்து, மல்லாந்து படுத்தான். தலை வலையில் முட்டியது. கீழே நகர்ந்தான், பாதம் முட்டியது. காலை மடக்கினால் முழங்கால் மேலே இடித்தது. குறுக்காகப் படுத்துப் பார்த்தான், ஒருக்களித்துப் பார்த்தான். வெளியே நின்ற அவளுக்கு, சாக்குக்குள் பூனை புகுந்த மாதிரி டென்ட் அங்கங்கே புடைத்துப் புடைத்து அடங்குவது தெரிந்தது.

தரை நீளத்தில் தவறில்லை. ஆனால் முப்பது வருஷமாக அவன் கையில் துணி என்பது மேலே மாட்டினால் நேராகக் கீழே இறங்குகிற பொருள். கீழே எவ்வளவோ மேலேயும் அவ்வளவு. இங்கே துணி தொங்கவில்லை. நான்கு பக்கமும் உள்நோக்கிச் சாய்ந்திருந்தது. தரையில் இருந்த நீளம் பாதத்தின் உயரத்துக்கு வருவதற்குள் கரைந்துபோயிருந்தது. அளவெடுப்பதே பிழைப்பாக இருப்பவனுக்கு இதை யாரிடம் போய்ச் சொல்வது என்று ஆகிவிட்டது. அவளிடம் சொன்னான். அவள் சிரிக்காமல் கேட்டுக்கொண்டாள். டெய்லர் காதுக்கு மட்டும் போகாமல் பார்த்துக்குங்க என்றாள்.

"நான் ஒரு நிமிஷம் படுத்துப் பார்க்கறேன்" என்று புடவையைச் செருகிக்கொண்டு உள்ளே போனாள்.

உள்ளேயிருந்து ஜிப் மூடப்படுகிற சத்தம் கேட்டது. டென்ட் புடைக்கவில்லை. நெட்டை சோபாவின் கைப்பிடியில் உட்கார்ந்து, மாற்றித் தருவார்களா என்று யோசித்துக்கொண்டிருந்தான். பெரியதாக வாங்கினால் கம்பு நீளும். நீண்டால் என்ன, டிரில் பெட்டியைக் கழற்றி வைத்துவிட்டு நெடுக்காகக் கட்டலாம். அல்லது இதிலேயே காலை வெளியே நீட்டிக்கொண்டு படுத்தால்தான் என்ன? இரண்டு ராத்திரிதானே. மழை வராமல் இருந்தால் போதும். நாலு வருஷத்தில் முதல் தடவையாக ஒரு ராத்திரி முழுக்கத் தூங்கப்போகிறவனுக்குக் கால் எங்கே இருந்தால் என்ன? இப்படிக் கணக்குப் போட்டுக்கொண்டே போனவன், உள்ளே சத்தமே இல்லை என்பதைத் தாமதமாகத்தான் கவனித்தான். தூங்கிவிட்டாளா என்று குனிந்து கேட்டான். இல்லை என்று பதில் வந்தது. வெளியே வா, மடிக்க வேண்டும் என்றான். வருகிறேன் என்றாள், வரவில்லை.

கடைசியில் ஜிப் திறந்தபோது, அவள் முகத்தில் ஒரு பக்கம் மெத்தையின் வரிகள் பதிந்திருந்தன. வாசலிலேயே சம்மணமிட்டு உட்கார்ந்துகொண்டாள்.

"எனக்குச் சரியா இருக்குங்க. தலைக்கு மேல ஒரு சாண், காலுக்குக் கீழ ஒரு சாண்."

"உனக்கென்ன, குட்டைக்கு எங்க படுத்தாலும் சரியா இருக்கும்" என்றான் நெட்டை.

"என் ஸ்கூட்டர்லயும் வச்சுப் பார்த்தேன். கால் வைக்கிற இடத்துலயே நிக்குது. கட்டக்கூட வேணாம்."

எப்போது வைத்துப் பார்த்தாய் என்று கேட்டான். நேற்று மருந்து வாங்கப் போகும்போது என்றாள். பையை மருந்துக்கடை வரைக்கும் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்திருக்கிறாள். நெட்டைக்கு அதில் சிரிக்க ஏதோ இருப்பது போலவும் இல்லாதது போலவும் இருந்தது.

"தம்பி வெள்ளிக்கிழமை எப்படியும் வர்றான்" என்றாள். "நீங்களும் அவனுமா மாமாவைத் திருப்பிக்குங்க. நான் போயிட்டு வரட்டுமா?"

குரலில் கோபமோ குத்தலோ இருந்திருந்தால் அவனுக்கு எளிதாக இருந்திருக்கும். கடைக்குப் போயிட்டு வரட்டுமா என்கிற அதே குரல். ஒற்றைப் பொம்பளை எங்கே போய்ப் படுப்பாய் என்று கேட்கலாம். ஏரிக்கரை விடுதியின் வளாகத்துக்குள்ளேயே டென்ட் போட இடம் விடுகிறார்கள், காவலுக்கு ஆள் உண்டு என்று போன மாதம் அவளிடம் சொன்னது அவன்தான். மாத்திரை எது எப்போது என்று எனக்குத் தெரியாதே என்று சொல்லலாம். தெரியாது என்பது நிஜம். நாலு வருஷமாகத் தெரியாமல் இருக்கிறது என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கும். அடுத்த தடவை நீ போ என்று சொல்லலாம். அடுத்த தடவை கிடையாது.

போ என்று சொல்லவும் வாய் வரவில்லை. அந்த இரண்டு ராத்திரிகளை அவன் இத்தனை மாதமாக வளைத்து வளைத்துப் பார்த்து, மடித்து, பையில் போட்டு வைத்திருந்தான். அதை எடுத்துக் கொடுக்கக் கை வர வேண்டுமே.

உபயோகப்படாத முளைகள் ஒரு சின்னப் பையில் தரையில் கிடந்தன. அதை எடுத்து, சுருக்குக் கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டான். பிரித்தான். மறுபடி போட்டான்.

அவள் அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தவழ்ந்து வெளியே வந்து எழுந்து, செருகியிருந்த புடவையை இறக்கி உதறிவிட்டு, டென்ட்டைச் சுற்றிக்கொண்டு ஹாலை விட்டுப் போய், அப்பாவைத் திருப்புகிற நேரமாகிவிட்டதால் கட்டிலின் சுவரோரம் தன் பக்கத்தில் நின்றுகொண்டாள்.