பைய

புதுசாக எது வந்தாலும் பக்கத்தில் போய்ப் பார்க்காவிட்டால் குருசாமிக்குச் சோறு இறங்காது. சத்திரப்பட்டி ரோட்டில் யாராவது போர் போட்டால் லோடு ஆட்டோவை ஓரங்கட்டிவிட்டுத் தண்ணீர் வரும்வரை நிற்பார். சரக்குக்காரர் போன் போட்டுச் சத்தம் போட்டால் டிராபிக் என்று சொல்லிவிடுவார். அந்த ரோட்டில் ஏது டிராபிக்? சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி ஏற்றி ராஜபாளையத்தில் இறக்குவது அவர் தொழில். வழியில் நின்று வேடிக்கை பார்ப்பது சுபாவம். இரண்டையும் சேர்த்தே இத்தனை வருஷம் ஓட்டிவிட்டார்.

போன ஐப்பசியில் ஒரு காலை, பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது பிரஷ் கையை விட்டு நழுவியது. எடுக்கக் குனிந்தவர் நிமிரவில்லை. பக்கவாதம். வலது கையும் காலும் சொன்னபடி கேட்கவில்லை, பேச்சும் போயிற்று. யார் என்ன சொன்னாலும் புரியும். பதில் சொல்ல வேண்டிய வார்த்தைகளும் மனசுக்குள் நிற்கும், வாய்க்குத்தான் வந்து சேராது. மிஞ்சியது கொஞ்சம்தான். "இல்ல" ஒன்று. பெண்டாட்டி சீனியம்மாளைக் கூப்பிடும் "ஏட்டி" ஒன்று. அப்புறம் "பைய". மெதுவாக, பார்த்து என்று அர்த்தம். வண்டியைப் பின்னால் எடுக்கும்போதும் பண்டல் இறக்கும்போதும் பைய, பைய என்று ஆயுசு முழுக்கச் சொன்ன சொல். அதனால்தான் நாக்கை விட்டுப் போகவில்லை போலிருக்கிறது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் அவர்கள் வீட்டுக்குக் கக்கூஸ் பின்பக்கம். சீனியம்மாள்தான் அவர் கக்கத்தில் தோளைக் கொடுத்துத் தூக்கிக்கொண்டு போய் உட்காரவைத்துக் கூட்டிவருவாள். தூக்கித் தூக்கி அவள் முதுகெலும்பில் டிஸ்க் விலகிவிட்டது. கனமாக எதையும் தூக்கக் கூடாது என்று டாக்டர் இடுப்புக்கு ஒரு பெல்ட் கொடுத்தார். அவள் அந்தப் பெல்ட்டைக் கட்டிக்கொண்டே இவரைத் தூக்கினாள். தூக்கும்போது அவள் பல்லைக் கடிப்பது அவர் காதுக்குப் பக்கத்திலேயே கேட்கும். குருசாமிக்கு அதற்குமேல் ஒரு ஆசையும் இல்லை. கக்கூசுக்குத் தனியாகப் போய்வர வேண்டும். அவ்வளவுதான்.

அப்போதுதான் ராஜபாளையத்தில் ஒரு ஆஸ்பத்திரிக்கு, ஆளை நடக்கவைக்கிற மெஷின் ஒன்று கொஞ்ச நாள் சோதனைக்கு வந்தது. போய்ப் பார்த்ததும் குருசாமி தான் நோயாளி என்பதையே மறந்துவிட்டார். இடுப்பில் ஒரு பெல்ட், தொடையிலும் கெண்டைக்காலிலும் பட்டைகள், இடுப்புக்கும் முழங்காலுக்கும் ஒவ்வொரு மோட்டார், முதுகில் பேட்டரி. விழாமல் தாங்க மேலே கம்பியிலிருந்து ஒரு வார். மாட்டிவிடுகிறவர்களுக்கு வேலை ஓடவில்லை. இவர் இடது கையால் மோட்டாரைத் தடவுவதும் வயர் எங்கே போகிறது என்று எட்டிப் பார்ப்பதுமாக இருந்தார்.

மெஷினை இயக்கியது ஜனனி என்கிற பிசியோதெரபிஸ்ட். சென்னைப் பெண், வந்து ஒரு மாசம்கூட ஆகவில்லை. அவர் புரட்டாசி சனிக்கிழமை தவறாமல் திருவண்ணாமலைக்கு ஆள் ஏற்றிப் போவார் என்று சீனியம்மாள் சொன்னபோது, லோடு ஆட்டோவில் அவ்வளவு தூரமா என்று மலைத்துப்போனவள். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வெளியே அதே பேரில் இருக்கிற பெருமாள் மலை அது என்று யாராவது சொன்னால்தானே அவளுக்குத் தெரியும்? மற்றபடி நல்ல பிள்ளை.

முதல் நாள் பட்டன் தட்டியதும் குருசாமியின் வலது கால் தானாக எழுந்து முன்னால் போனது. அதைப் பார்த்துச் சீனியம்மாள் ஓவென்று அழுதுவிட்டாள். நாலு பேர் பார்க்கிறார்கள், அவருக்கு மானமே போயிற்று. "ஏட்டி" என்று வாசலைக் காட்டினார். அன்றிலிருந்து அவள் வராந்தா பெஞ்சில்தான் உட்கார்ந்தாள். அதுதான் வினையாயிற்று.

உள்ளே, மெஷினுக்கு இருந்த அவசரம் குருசாமிக்கு இல்லை. இடது காலில் இவர் பாரத்தை ஊன்றுவதற்குள் அது வலது காலை இழுத்துக்கொண்டு போனது. உடம்பு பயந்து விறைத்தது. "பைய" என்றார். ஜனனி உடனே மெஷினை நிறுத்தி, ஓரத்தில் கிடந்த அவர்கள் வீட்டு மஞ்சள் பையை எடுத்துவந்து நீட்டினாள். அதில் துண்டும் தண்ணீர் பாட்டிலும் இருந்தன. "இல்ல" என்று தலையை ஆட்டினார். மறுபடி பட்டன், மறுபடி இழுப்பு, மறுபடி "பைய". இந்தத் தடவை பாட்டிலைத் திறந்தே கொடுத்தாள். மறுநாள் அவர் கண்ணுக்கு நேராக இருக்கட்டும் என்று பையை எதிர்க் கம்பியில் தொங்கவிட்டாள். பைக்கு அப்படியொரு மரியாதை அவர்கள் குடும்பத்தில் அதுவரை கிடைத்ததில்லை.

அங்கிளுக்கு அந்தப் பைமேல் ரொம்பப் பிரியம் என்று அவள் சீனியம்மாளிடமும் சொல்லிவைத்தாள். சீனியம்மாள் பையைக் கவிழ்த்துக் கொட்டித் தேடினாள். துண்டையும் பாட்டிலையும் தவிர ஒன்றுமில்லை. புத்தியும் கலங்கிவிட்டது என்று பயந்து, ராத்திரி அந்தப் பையை அவர் தலைமாட்டிலேயே வைத்தாள். குருசாமிக்கு வந்த கோபத்தில் அதைக் கீழே தள்ளிவிட்டார். அதையும் அவள் நோயின் கணக்கில்தான் சேர்த்தாள்.

வாரக் கடைசியில் ஜனனி வராந்தாவுக்கு வந்து தயங்கித் தயங்கிச் சொன்னாள். அங்கிள் மெஷினோடு ஒத்துப்போகவில்லை, உடம்பை முறுக்கிக்கொள்கிறார், இன்னொரு தடவை பார்த்துவிட்டு நிறுத்திவிடலாம், காத்திருக்கிற வேறு ஆளுக்குக் கொடுக்கலாம். அம்மாவும் உள்ளே வந்து ஒருமுறை பார்த்துக்கொள்ளட்டும் என்றாள்.

சீனியம்மாள் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சுவரோரம் நின்றாள். இந்தத் தடவை அழுவதில்லை என்று தீர்மானமாக வந்திருந்தாள். மெஷின் இழுத்தது. குருசாமி பல்லைக் கடித்துக்கொண்டு "பைய" என்றார். ஜனனி நிறுத்திவிட்டுக் கம்பியில் தொங்கிய பையை எடுக்கப் போனாள்.

சீனியம்மாளுக்கு விளங்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

"ஏம்மா, அவிய பையைக் கேக்கல. மெஷினைப் பைய விடச் சொல்லுதாவ. மெதுவா."

ஜனனி பையும் கையுமாக அப்படியே நின்றாள். பையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். அப்புறம் பையாலேயே முகத்தை மூடிக்கொண்டாள். "சாரி அங்கிள்" என்று உள்ளேயிருந்து சத்தம் வந்தது. குருசாமி முதலில் முறைத்தார். பிறகு கோணிப்போன வாயால் சிரித்தார். நோய் வந்த பிறகு அவர் சிரித்து அன்றுதான் பார்த்தாள் சீனியம்மாள். அழுவதில்லை என்ற தீர்மானம் அத்தோடு போயிற்று.

ஜனனி வேகத்தைக் குறைத்தாள். இவர் பாரத்தை மாற்றும்வரை காத்திருந்து தூக்கும்படி அதை மாற்றியும் வைத்தாள். இப்போது இவர் இடது காலில் ஊன்றினால்தான் வலது கால் எழுந்தது. குருசாமிக்கு இதில் ஒரு பெரிய சந்தேகம் வந்துவிட்டது. தூக்குவது யார்? அதுவா, நானா? மோட்டாரைத் தொட்டுக் காட்டி, தன் நெஞ்சையும் தொட்டுக் காட்டிக் கேட்டார். நாள் போகப் போக அவருக்குத் தெரியாமல் மெஷினின் உதவியைக் குறைத்துக்கொண்டே வந்த ஜனனி, ஒருநாள் சொன்னாள்.

"இப்போ பாதிக்கு மேல நீங்கதான் அங்கிள்."

அவர் நம்பவில்லை. குனிந்து தன் காலையே பார்த்தார். போர்க்குழியில் தண்ணீர் வருகிறதா என்று எட்டிப் பார்த்த அதே பார்வை.

மெஷின் அடுத்த ஊருக்குப் போய்விட்டது. குருசாமியிடம் மிஞ்சியது ஒரு ஊன்றுகோலும், பாதத்துக்கு ஒரு பிளாஸ்டிக் பட்டையும், விடாத பிடிவாதமும்தான். சுவரைப் பிடித்துத் தினமும் பழகினார். சீனியம்மாள் கையை நீட்டிக்கொண்டே பின்னால் நடந்தாள்.

ஒரு மத்தியானம் அவள் பாயில் கொஞ்சம் கண்ணயர்ந்துவிட்டாள். விழித்தால் கட்டில் காலி. பின்பக்கம் வாளியில் தண்ணீர் மொள்ளும் சத்தம். இடுப்பு வலியையும் மறந்து விருட்டென்று எழப் பார்த்தாள். சுரீரென்று பிடித்துக்கொண்டது. பாதி எழுந்தபடி ஒரு கையைத் தரையில் ஊன்றி, மறு கையால் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

பின்வாசல் நிலையில் குருசாமி. ஊன்றுகோல் இடது கையில். கைலி கோணலாக, ஒரு பக்கம் நனைந்திருந்தது. போய்விட்டு வந்திருக்கிறார், தனியாக. அவள் முதுகைப் பிடித்துக்கொண்டு பாதியில் நிற்பதைப் பார்த்தார்.

"ஏட்டி, பைய" என்றார்.

அவள் பையவே எழுந்தாள்.