தாமரைக் குளத்துக்குள் இறங்கிய எருமையும் எங்கள் ஆரபியும்

இந்தப் பூங்காவின் பெயரைக் கேட்டு யாரும் எனக்கு எழுத வேண்டாம். சொல்ல மாட்டேன். அங்கே வேலை செய்யும் ஒரு மனிதருக்கு என்னால் கெட்ட பெயர் வரக்கூடாது. ரொறன்ரோவுக்கு வடகிழக்கே, சீனாவின் பழைய கமத்தொழிலைக் காட்டும் பூங்கா என்று தேடினால் நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள்.

நாங்கள் போனது ஓகஸ்ட் கடைசிச் சனிக்கிழமை. அஜின்கோர்ட்டில் இருக்கும் என் அக்காவுக்குப் பக்கத்து வீட்டில் ஒரு சீன அன்ரி இருக்கிறார். வேலிக்கு மேலால் பாகற்காய் தருவார், அக்கா முருங்கையிலைச் சுண்டல் கொடுப்பாள். "பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்கோ, எருமை இருக்கு" என்று அவர்தான் அக்காவிடம் சொன்னாராம். எருமை என்ற சொல்லைக் கேட்டதுமே எங்கள் ஏழு வயது ஆரபி சப்பாத்தைப் போட்டுவிட்டாள்.

எனக்குத்தான் விருப்பமில்லை. பயம் என் கூடப்பிறந்தது. புல்லுக்குள் உண்ணி இருக்கும், குளம் இருக்கும், கூட்டம் இருக்கும். ஆரபிக்கு நீச்சல் தெரியாது. இரண்டு முறை வகுப்பில் சேர்த்தும் தலையைத் தண்ணீருக்குள் வைக்க மாட்டேன் என்று அடம்பிடித்து வந்துவிட்டாள். அவளுடைய அப்பாவும் கடலைப் பார்த்தே வளர்ந்து நீந்தத் தெரியாத மனிதர். இதையெல்லாம் இவரிடம் சொன்னேன். "உமக்கு வீட்டுக்குள்ளையும் பயம், வெளியிலையும் பயம். வெளிக்கிடும்," என்றார்.

அக்காவும் அத்தானும் காலையிலேயே அஜக்ஸில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்துவிட, எங்கள் வான் வண்டியில் ஐந்து பேருமாகப் புறப்பட்டோம். காலை 9.40க்கு வெளிக்கிட்டு 10.25க்குப் போய்ச் சேர்ந்தோம். 38 கிலோமீற்றர். வடக்கே போகும் சின்ன வீதிகளால் போனால் 401 நெடுஞ்சாலை நெரிசலைத் தொடவே தேவையில்லை. கடைசி இரண்டு கிலோமீற்றர் கிரவல் பாதை. பார்க்கிங் இலவசம். உள்ளே போகப் பெரியவர்களுக்கு 18 டொலர், பிள்ளைகளுக்கு 12.

வாசலைத் தாண்டியதும் மரத்தாலான நீர் இறைக்கும் பொறி. இரண்டு பேர் ஒரு கம்பைப் பிடித்துக்கொண்டு படியேறுவதுபோல் மிதிக்க வேண்டும், பலகைகள் சங்கிலியாகச் சுற்றித் தண்ணீரை வாய்க்காலுக்கு ஏற்றும். அத்தானும் இவரும் ஏறி மிதித்தார்கள். அத்தான் விமான நிலையத்துக்கு டாக்சி ஓடுகிறவர், இருபது வருடமாக மிதித்தது பிரேக் மட்டும்தான். அரை வாளித் தண்ணீர் வருவதற்குள் இறங்கிவிட்டார். அடுத்து நெல் தூற்றும் மரப்பெட்டி. கைப்பிடியைச் சுற்றினால் உள்ளே விசிறி சுழன்று பதர் ஒரு பக்கமும் நெல் இன்னொரு பக்கமும் விழுகிறது. ஆரபி அதை விட்டு வர மாட்டேன் என்றாள். சின்ன நெல்வயல்கூட இருக்கிறது. இந்தக் குளிர் நாட்டில் கதிர் வந்திருந்ததைக் கண்டு அக்கா குனிந்து அதைத் தடவிப் பார்த்தாள்.

நான் இதில் எதையும் ஒழுங்காகப் பார்க்கவில்லை என்பதே உண்மை. ஆரபியின் காலுறைக்குள் உண்ணி ஏறியிருக்கிறதா என்று குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நடுவில் தாமரைக்குளம். ஆழம் மூன்று மீற்றர் என்று பலகை போட்டிருந்தார்கள். வேலி இடுப்பளவுதான், ஒரு பக்கத்தில் அதுவும் இல்லை. அந்தப் பலகையைப் படித்த நேரத்திலிருந்து ஆரபியின் கையை நான் விடவில்லை. வியர்த்து வழுக்கிய கையை அவள் இழுத்து இழுத்துப் பார்த்தாள்.

எருமை நின்றது அந்த வேலி இல்லாத பக்கத்தில்தான். படம் எடுக்கப் பத்து டொலர், காசாகத்தான் வாங்குகிறார்கள். எருமைக்காரருக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். ஆங்கிலம் ஒன்றிரண்டு சொல். பிள்ளையை எருமையின் முதுகில் ஒரு பாயின் மேல் இருத்தி, மூக்குக் கயிற்றைக் கையில் பிடித்துக்கொள்வார். எங்களுக்கு முன்னால் நாலைந்து பிள்ளைகள் ஏறி இறங்கினார்கள். எருமை கண்ணை மூடிக்கொண்டு அசைபோட்டது. அதைப் பார்த்துத்தான் நானும் ஆரபியின் கையை விட்டு, அவளை ஏற்ற விட்டேன்.

அன்றைக்கு நல்ல வெயில். அத்தான் கைபேசியைத் தூக்கிப் பிடித்து, "இஞ்சை பார், சிரி," என்றார். அப்போது அக்கா, "ஐயோ, பிள்ளை கறுத்துப்போகும்," என்று சொல்லிக்கொண்டு குடையை நீட்டினாள். பித்தானை அமத்தினால் தானாக விரியும் குடை. எருமையின் முகத்துக்கு நேரே அது படாரென்று விரிந்தது.

எருமை துள்ளவில்லை, ஓடவுமில்லை. தலையை ஒரு வெட்டு வெட்டியது. கயிறு அந்த மனிதரின் கையை உரித்துக்கொண்டு போனது. பிறகு திரும்பி, வீட்டுக்குப் போகிறதுபோல் நடந்து குளத்துக்குள் இறங்கியது. முதுகில் என் பிள்ளை.

நாங்கள் நாலு பேரும் ஒரே நேரத்தில் கத்தினோம். "இறுக்கிப் பிடி!" என்றேன் நான். "குதி, குதி!" என்றார் இவர். "அசையாதை ராசாத்தி!" என்று அக்கா. அத்தான், "தம்பி, கயித்தைப் பிடி! கயித்தைப் பிடி!" என்று தன் வயதிருக்கும் அந்தச் சீன மனிதரிடம் தமிழில் கத்தினார். ஒவ்வொரு கத்தலுக்கும் எருமை இன்னும் இரண்டடி உள்ளே போனது. தண்ணீர் ஆரபியின் பாதத்தைத் தொட்டது. பிறகு முழங்கால். பிறகு எருமை நீந்தத் தொடங்கியது. நீந்தும் எருமையின் முதுகு தண்ணீருக்குள் போய்விடும், தலை மட்டும்தான் தெரியும் என்பதை நான் அன்றுதான் அறிந்தேன். இடுப்பளவு தண்ணீரில் ஆரபி தனியே மிதப்பதுபோல் இருந்தாள். அவளுடைய முதுகு மட்டும்தான் எங்களுக்குத் தெரிந்தது.

இவர் சப்பாத்தைக் கழற்றிவிட்டார். நீந்தத் தெரியாத மனிதர். பிள்ளையோடு இவரையும் இழக்கப் போகிறேன் என்று எனக்குள் யாரோ சொன்னது நன்றாகக் கேட்டது. இவருடைய சேட்டைப் பிடித்து இழுத்தேன். அந்த நேரம் எருமைக்காரர் எங்கள் பக்கம் திரும்பி இரண்டு கையையும் கூப்பினார்.

"நோ ஷவுட். ப்ளீஸ். நோ ஷவுட்."

வாயை மூடினோம். சால்வையை வாய்க்குள் அடைத்துக்கொண்டேன். அக்கா அந்தக் குடையைப் புல்லில் போட்டு அதன் மேலேயே இருந்துவிட்டாள். சுற்றி நின்ற சனமும் அடங்கிவிட்டது. எருமை மூச்சு விடும் சத்தம் மட்டும் தண்ணீருக்கு மேலால் வந்தது.

அந்த மனிதர் ஒரு கட்டுப் பச்சைப் புல்லை எடுத்துக்கொண்டு குளத்தைச் சுற்றி மறு கரைக்கு நடந்தார். ஓடவில்லை, நடந்தார்! அவரைக் கொல்ல வேண்டும்போல் இருந்தது எனக்கு. என் பிள்ளை மூன்று மீற்றர் தண்ணீருக்கு மேல் இருக்கிறாள், இந்த மனிதர் கடைக்குப் போகிறதுபோல் போகிறார். முருகா, முருகா என்று உள்ளுக்குள் கதறினேன். நேர்த்தி வைக்கக்கூட வார்த்தை வரவில்லை. அவர் மறு கரையில் குந்தி, புல்லை நீட்டி, தொண்டைக்குள் ஏதோ தாழ்ந்த சத்தம் போட்டார். எருமை காதை ஆட்டியது. சும்மா ஒரு வட்டம் நீந்தியது. அந்த வட்டத்தில் ஆரபியின் உடம்பு ஒரு பக்கம் சரிந்தது, என் கண் இருண்டது. பிறகு தாமரை இலைகளை விலக்கிக்கொண்டு அது அவரை நோக்கிப் போனது.

நான் ஓடிப் போய்ச் சேரும்போது ஆரபி அவருடைய தோளில் இருந்தாள். இடுப்புவரை நனைந்து, காலெல்லாம் சேறு. அழவில்லை. பிடுங்கி எடுத்துக்கொண்டு அந்த மனிதரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் வாய்க்கு வந்தபடி ஏசினேன். அவர் நிலத்தில் இருந்துவிட்டார். உள்ளங்கை உரிந்து இரத்தம். இரண்டு கையும் நடுங்கியதைப் பார்த்த பிறகுதான் என் வாய் நின்றது. அவர் ஓடாமல் நடந்தது பயமில்லாததால் அல்ல. அக்கா வந்து தன் கைலேஞ்சியால் அவருடைய கையைக் கட்டினாள். "சொறி, சொறி, என்ரை குடைதான்," என்று அழுதாள். அவரும் ஏதோ தன் மொழியில் சொல்லி அழுதார்.

சாப்பாட்டுக் கடைப் பக்கமே போகவில்லை. நேராக வானுக்குத் திரும்பினோம். அதனால் அங்கே உணவு எப்படி என்று என்னால் சொல்ல முடியாது. சோயாப் பால் நாலு டொலர் என்று எழுதியிருந்தது. போகிறவர்கள் பதினொரு மணிக்கு முன்னமே போய்விடுங்கள், பிறகு நிழல் குறைவு. நீளக் காலுறை போடுங்கள், காசு கொண்டுபோங்கள், பிள்ளைக்கு மாற்றுடுப்பு வையுங்கள். குடை வேண்டாம், தொப்பி போதும். நிறம் எங்கேயும் போய்விடாது. நல்ல இடம்தான், பழுது சொல்ல மாட்டேன். ஆனால் எருமை மேல் பிள்ளையை ஏற்றுகிறதென்றால் வேலி இருக்கிற பக்கத்துக்கு வரச் சொல்லுங்கள்.

வான் பிக்கரிங் எல்லைக்கு வந்துவிட்டது. பின்சீற்றில் என் மடியில் ஆரபி, அத்தான் கழற்றிக் கொடுத்த சேட்டுக்குள் சுருண்டு கிடந்தாள். மெல்லக் கேட்டேன்: "சரியாப் பயந்திட்டியளே, செல்லம்?"

"நோ. நீங்கள் எல்லாரும் கத்தேக்க ஐ வாஸ் ஓகே, அம்மா," என்றாள். "பிறகு ஒரு சத்தமும் கேக்கேல்லை. எனக்குத் திரும்பிப் பாக்கவும் ஏலாது. யூ ஆல் லெஃப்ட் எண்டு நினைச்சன்."

அத்தான் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். முன்னால் வான் ஓட்டிக்கொண்டிருந்த இவர் வீதியோரத்தில் நிறுத்தி, ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டார்.

ஆகவே கடைசியாக ஒன்று. உங்கள் பிள்ளைக்கு இப்படி ஏதும் நடந்தால் கத்தாதீர்கள். ஆனால் எங்களைப்போல் வாயைப் பொத்திக்கொண்டும் நிற்காதீர்கள். மெதுவாக, எருமைக்குக் கேட்டாலும் மிரளாத குரலில், "அம்மா இஞ்சைதான் நிக்கிறன்" என்று சொல்லிக்கொண்டே இருங்கள்.