வெள்ளோட்டப் பட்டியலில் இல்லாத பெயர்

வடகிழக்குச் சீனக் கரையில் இருக்கிற எங்கள் தாலியன் கப்பல் கட்டும் தளத்தில் யாரையும் நான் முகத்தை வைத்து எடை போட்டதில்லை. வெல்டிங் கோடுகளை எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பது என் வேலை. அவசரக்காரன், முதல் நாள் குடித்தவன், பெண்டாட்டியோடு சண்டை போட்டுவிட்டு வந்தவன், எல்லாரும் படத்தில் அப்படியே விழுவார்கள். படம் சரியில்லை என்று திருப்பி அனுப்பினால் என்னோடு சண்டைக்கு வராத வெல்டர் ஒருத்திதான். சென் யாச்சின்.

அவள் ஃபூஷின் நிலக்கரி ஊர்க்காரி. அங்கே பாய்லர் ஆலையை இழுத்து மூடியபோது அவளுக்கும் புருஷனுக்கும் ஒரே நாளில் வேலை போனது. அவன் படுத்துக்கொண்டு கூரையைப் பார்த்தான். இவள் ரயிலேறிவிட்டாள். எங்கள் வாசலுக்கு வந்தபோது வயது முப்பது. அப்போதெல்லாம் கடற்படை வேலை எப்போதாவது ஒன்று வரும். இன்ஜின் வெளியிலிருந்து வரவேண்டும், நல்ல தகடு வெளியிலிருந்து வரவேண்டும். இப்போது? கொதிக்கிற தண்ணீரில் கொழுக்கட்டை போடுகிற மாதிரி போர்க்கப்பல் இறக்குகிறோம் என்று ஊரே பெருமையடிக்கிறது. கொழுக்கட்டையைப் பிடித்தது யார் என்று ஒருவரும் கேட்பதில்லை.

நான் சொல்கிறேன், யாச்சின் பிடித்தாள். நம் நாட்டிலேயே வார்த்த புதுத் தகடு முதன்முதலில் வந்தபோது மூன்று மாதம் எல்லார் கோட்டிலும் முடி போல விரிசல். ஆண்பிள்ளை வெல்டர்கள் தகட்டைத் திட்டினார்கள், கம்பியைத் திட்டினார்கள், கடைசியில் என் இயந்திரத்தைத் திட்டினார்கள். யாச்சின் மட்டும் என் அறைக்கு வந்து நின்றாள்.

"காட்டுங்க அக்கா. எந்த இடத்துல உடையுது?"

விரிசல்கள் பெரும்பாலும் மதியச் சாப்பாட்டுக்கு நிறுத்திய இடங்களில் இருந்தன. தகடு ஆறினால் உடைகிறது. அன்றிலிருந்து அவள் நிறுத்தவே இல்லை. காலையில் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்காமல், கப்பலின் அடிவயிற்றில் உட்காரத்தான் முடியும் என்கிற அறைக்குள் நுழைவாள். எட்டு மணி நேரம் அண்ணாந்தபடி வேலை. கழுத்தெல்லாம் தீப்பொறி விழுந்த தழும்பு. அவளுடைய முதல் சுத்தமான படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நான் அழுதேன். வெட்கப்பட என்ன இருக்கிறது?

அப்படிப்பட்டவள் ஒரு தடவைகூடக் கடலில் போனதில்லை. ஒவ்வொரு கப்பலின் வெள்ளோட்டத்துக்கும் வெல்டர்கள் ஆறு பேர் போவார்கள். பெண்களுக்குப் படுக்க இடமில்லை என்பார்கள். அவளுக்கு ஓய்வு பெற இரண்டு மாதம் இருந்தபோது, லுவான் மேஸ்திரி அலுவலகத்தில் மேசையைத் தட்டிச் சண்டை போட்டு அவள் பெயரைச் சேர்த்தார்.

சேர்த்தவர் ஒழுங்காகச் சேர்த்தாரா? லுவான் தீவுக்காரர், மீனவர் வீட்டுப் பிள்ளை. எங்கள் மொழியில் 'சென்' என்று சொன்னால் 'மூழ்கு' என்றும் காதில் விழும். அதனால் அந்தத் தீவுகளில் சென் குடும்பத்துக்காரர் படகில் கால் வைத்தால் அந்தப் பெயரை எழுதும் ஒற்றைச் சித்திர எழுத்தை இரண்டாகப் பிய்த்து 'காது-கிழக்கு', அதாவது 'எர்தோங்' என்றுதான் கூப்பிடுவார்கள். லுவான் பட்டறையிலும் அவளை அப்படித்தான் கூப்பிடுவார். பட்டியலிலும் அப்படியே எழுதிவிட்டார், மகாராஜா.

வெள்ளோட்டத்தன்று காலை, கிளம்புகிறவளுக்குக் கொடுக்க மீன் கொழுக்கட்டை டப்பாவோடு துறைக்குப் போனேன். ஏணிப்படி அடியில் கடற்படைக் காவலர் அவளை நிறுத்தியிருந்தார்.

"அக்கா, ஆறாவது பேரு எர்தோங் யாச்சின். உங்க அடையாள அட்டைல சென் யாச்சின்னு இருக்கு. இது வேற ஆளு."

"ரெண்டும் நான்தாங்க."

"இருக்கலாம். மேல இருக்கற பொறுப்பாளர் சரியான பேரை வாயால சொல்லணும். பதிவாகணும். இன்னும் பத்து நிமிஷத்துல படியை எடுத்துருவாங்க."

லுவான் மேலே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

"அது எர்தோங்தான்யா! ஊருக்கே தெரியும்!"

"எனக்குத் தெரியாது. குடும்பப் பேரைச் சொல்லுங்க."

"காது... பக்கத்துல கிழக்கு..."

"எழுத்து வேணாம். பேரு."

லுவானின் முகம் வெளுத்துவிட்டது. மேல்தளத்தில் நின்றுகொண்டு, இன்னும் கடலுக்கே போகாத கப்பலைப் பார்த்து 'மூழ்கு' என்று எப்படிச் சொல்வார்?

யாச்சினுக்குப் புரிந்தது. "பரவால்ல மேஸ்திரி. சொல்ல வேணாம். நான் அடுத்த கப்பல்ல வர்றேன்" என்று பையைத் தோளில் மாட்டித் திரும்பினாள்.

அடுத்த கப்பலாம்! எனக்கு வந்த கோபத்தில் கத்திவிட்டேன்.

"யோவ் லுவான்! ஒரு வார்த்தைக்கு இந்தக் கப்பல் மூழ்கும்னா, இத்தனை வருஷமா நான் பார்த்த படமெல்லாம் பொய்யா? அவ போட்ட கோடு அவ்வளவுதானா? வாயைத் திறய்யா!"

லுவான் தலைக்கவசத்தைக் கழற்றினார். கண்ணை மூடிக்கொண்டார்.

"சென்!" என்று கத்தினார். குரல் உடைந்தது. மறுபடி, துறை முழுக்கக் கேட்கும்படி, "சென் யாச்சின்! ஏழாவது அறை முழுக்க இவ வேலை! இவ ஏறாம கயித்தை அவுக்காதீங்க!"

மாலுமிகள் சிரித்தார்கள். கப்பல் மூழ்காமல் அதுபாட்டுக்கு நின்றது. அவள் ஏறினாள். கொழுக்கட்டை டப்பாவைக் காவலர்தான் ஓடிப்போய் அவள் கையில் கொடுத்தார்.

நாலு நாள் கழித்து, கண் சிவந்து, பல் தெரிய இறங்கினாள்.

"கடலு எப்படிடி இருந்துச்சு?"

"மூணு நாள் எங்க பார்த்தேன்? ஏழாவது அறைலதான் இருந்தேன். முழு வேகத்துல போறப்ப எல்லாம் கோட்டு மேல கைய வச்சுக்கிட்டு. நாலாவது நாள் மேஸ்திரி கீழ வந்து உக்காந்துட்டாரு. 'மேல போ, கோட்டை நான் பாத்துக்கறேன்'னாரு."

"போனியா?"

"போனேன். கரையே இல்லக்கா. சுத்தி எங்க பார்த்தாலும் தண்ணி. இவ்வளவு தண்ணியையுமா நான் வெளிய நிறுத்தி வச்சிருக்கேன்னு நினைச்சேன். அழுதுட்டேன்."