நான் வெளிச்சமாக்கிய முகங்கள்

என் பர்ஸில் ஒரு படம் இருக்கிறது. அதில் என் முகத்தின் ஒரு பாதி இருட்டில் கிடக்கிறது. லீவில் ஊருக்குப் போனபோது என் மனைவி அதைப் பார்த்துவிட்டு, "மீதி மூஞ்சிய யாரு தின்னா?" என்றாள். எடுத்தவர் கேமரா அண்ணன். பர் துபாயில் ஒரு ஸ்டுடியோவில் அவர் படம் எடுப்பார். நான் கம்ப்யூட்டரில் சரிசெய்து பிரிண்ட் போடுவேன்.

வருகிறவர்கள் பெரும்பாலும் விசாப் படத்துக்காக வருகிறவர்கள். சைட்டிலிருந்து நேராக வரும் வெல்டரைக்கூட அண்ணன் கதாநாயகனைப் போலத்தான் உட்கார வைப்பார். பக்கவாட்டில் ஒற்றை விளக்கு. கேமராவுக்கு அடியில் ஒரு குட்டி பல்பும் எரியும். ஏன் என்று நான் கேட்டதில்லை. விளக்கை நகர்த்தியபடியே பழைய ஹாலிவுட் ஒளிப்பதிவாளர் ஒருவரின் கதையைச் சொல்வார். பெயர் வராது, 'பெரியவர்' என்பதோடு சரி. லேபில் பிலிம் கழுவத் தொடங்கி, ஊமைப் படங்களில் கேமரா தூக்கி, கறுப்பு வெள்ளையில் உச்சத்துக்குப் போனவராம். நடிகையின் முகம் முழுசாகத் தெரியட்டும் என்று கம்பெனி சொன்னதற்கு மறுத்து வேலையை விட்டவராம். பிறகு அந்த நடிகையே அவரைத் திரும்ப வரவழைத்தாராம்.

நிழல் விழுந்த படத்தை விசாவுக்கு ஏற்க மாட்டார்கள். அண்ணன் சேர்ந்த முதல் மாதமே இரண்டு படங்கள் திரும்பி வந்தன. முதலாளி பாய் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இது சினிமா இல்ல தம்பி. இன்னொண்ணு திரும்பி வந்துச்சுன்னா அவருக்கு இங்க கலாஸ், வேலை போயிரும்" என்றார். அன்றிலிருந்து அண்ணனுக்குத் தெரியாமல் ஒவ்வொரு முகத்தின் நிழலையும் வெளிச்சமாக்கினேன். இருட்டுப் பக்கக் கண்ணில் ஒரு வெள்ளைப் புள்ளி தெரியும். தூசி என்று அதையும் அழித்துவிடுவேன். அப்புறம் ஒரு படமும் திரும்பவில்லை. "பாத்தியா, ஆபீஸ்காரனுக்கே புரிய ஆரம்பிச்சிருச்சு" என்று அவர் பூரித்துப்போவார்.

இரண்டு வருடம் ஓடியது. கூடுதல் பிரதி கேட்டு வந்த டிரைவர் ஒருவர், நான் நிழலை அழித்துக் கொடுத்திருந்த பழைய படத்தை அண்ணன் கையிலேயே கொடுத்துவிட்டார். அண்ணன் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மறுவாரமே பாயிடம் தன் விசாவை கேன்சல் செய்யச் சொல்லிவிட்டார். கிளம்புகிற அன்று என்னை உட்கார வைத்து ஒரு படம் எடுத்து, தானே பிரிண்ட் போட்டுக் கொடுத்தார். "இத மட்டும் தொடாத தம்பி."

அவர் வேலையை நான் காப்பாற்றினேனா, பிடுங்கினேனா? இன்றும் பிடிபடவில்லை. அந்தப் பெரியவர் நிஜமாகவே இருந்தாரா என்பதுகூடத் தெரியாது. பெயர் இல்லாமல் நெட்டில் யாரைத் தேடுவது?

போன வாரம் மனைவிக்கு அனுப்பலாம் என்று அந்தப் படத்தை ஸ்கேன் செய்தேன். இருட்டுப் பக்கக் கண்ணில் அதே தூசி. பழக்கதோஷத்தில் அழிக்கப் போய், திரையில் பெரிதாக்கினேன். அந்தக் குட்டி பல்ப் என் கருவிழியில் எரிந்துகொண்டிருந்தது. வந்தவர்கள் அத்தனை பேர் கண்ணிலும் அவர் ஏற்றி வைத்ததைத்தான் இரண்டு வருடமாக நான் அணைத்திருக்கிறேன்.

படத்தைத் தொடாமல் அனுப்பினேன். "கண்ணப் பாரு" என்று மட்டும் கீழே எழுதினேன்.