சின்னமனூரில் சுருதி இறங்கிய சனிக்கிழமை

சென்ற ஜூலையில் எனக்குத் தைராய்டு அறுவை சிகிச்சை நடந்தது. கட்டி போனது, கூடவே குரலின் மேல் பாதியும் போனது. பள்ளி ஆசிரியையான நான் பதினெட்டு வருடம் கோயில் பாடகர் குழுவிலும் இருந்தவள். அதன்பின் திருப்பலியில் உதட்டை மட்டும் அசைத்தேன். வீட்டில் தனியாக ஜெபிக்கும்போதும் குரலைத் திருப்பித் தரச்சொல்லிக் கேட்பதோடு சரி, கடவுளுக்குப் புகழ்ச்சி சொல்வதை விட்டேவிட்டேன். யார் விசாரித்தாலும் "சரியாயிருச்சு" என்பேன். ஜனவரியில் கல்லூரித் தோழி அருள்செல்வி, ரெண்டு நாள் வந்துட்டுப் போ என்று அழைத்ததும் கிளம்பினேன்.

மதுரை ஆரப்பாளையத்தில் காலை 10.20க்குப் பேருந்து. தேனிக்கு 75 கிலோமீட்டர், இரண்டு மணி நேரம். அங்கே சாப்பிட்டுவிட்டுக் கம்பம் பேருந்தில் ஏறினால் முக்கால் மணி நேரத்தில் சின்னமனூர். இடப்பக்கச் சன்னலைப் பிடியுங்கள், மேகமலை கூடவே வரும். செல்வியின் ஊர் அங்கிருந்து ஆறு கிலோமீட்டர், ஆட்டோதான்.

"திராட்சைத் தோட்டம் பாக்க வந்தீகளா?" என்றார் ஓட்டுநர். செல்வி பெயரைச் சொன்னேன். "இன்னிக்கு அன்பியம் அவுக வீட்டுலதான். இப்பத்தான் சேர் இறக்கிட்டு வாரேன்."

அன்பியம் என்றால், ஒரு தெருவின் கத்தோலிக்கக் குடும்பங்கள் வாரம் ஒரு வீட்டில் கூடி ஜெபிப்பது. மாலை ஏழு மணிக்குப் பதினைந்து பேர் வந்தார்கள். வாழைக்காய் மண்டியில் வேலை பார்க்கும் மரியபுஷ்பம் நடத்தினார். என் வயதுதான் இருக்கும்.

"மொதல்ல புகழ்ச்சி. கேக்குறதெல்லாம் பெறகு," என்றவர் என் பக்கம் திரும்பினார். "டீச்சர், நீங்க நல்லாப் பாடுவீகன்னு செல்வி சொன்னா. எடுத்துக் குடுங்க."

செல்வியைக் குற்றம் சொல்ல முடியாது. சரியாகிவிட்டது என்று அவளிடமும் சொன்னவள் நான்தானே. பழகிய சுருதியில் தொடங்கினேன். இரண்டாவது வரியில் குரல் பிளந்து வெறும் காற்றாக வந்தது. பாட்டை நிறுத்தினேன்.

"ஆபரேஷனுக்கு அப்புறம் இப்படித்தான். பாட வரல," என்றேன். ஆறு மாதத்தில் அதை வாய்விட்டுச் சொன்னது அப்போதுதான். கண் கலங்கிவிட்டது.

மரியபுஷ்பம் பரிதாபப்படவில்லை. "எது வரைக்கும் வருது?" என்று கேட்டார். தாழ்ந்த சுருதியில் முனகிக் காட்டினேன்.

"அது போதும். நாங்க அங்கன வந்துருவோம்."

வந்தார்கள். பெண்களுக்குச் சிரமமான சுருதி. பாதி வரிகளில் செல்விக்குச் சத்தமே எழும்பவில்லை. ஆண்களுக்கு வசதியாகிவிட்டது. அன்பியத்தில் தன் கணவர் வாய் திறந்து பாடியதே அன்றுதான் என்று அவள் பிறகு சொன்னாள். நாலு வரிப் பாட்டை மூன்று முறை பாடினோம். அவ்வளவு நேரமும் நான் கடவுளிடம் எதையும் கேட்கவில்லை என்பது முடிந்தபிறகுதான் உறைத்தது.

ஞாயிறு காலை 6.30 திருப்பலி முடிந்து, கம்பம் வழியாகத் தனியாக மலையடிவாரத்து மின்நிலைய ஊரான லோயர் கேம்ப் போனேன். கம்பத்திலிருந்து அரை மணி நேரம். வாய்க்காலில் தண்ணீர் வேகமாகப் போனது. கரையில் நின்று, என்னால் முடிந்த சுருதியில், ஆண்டவரே நீர் பெரியவர் என்று நானாகச் சொல்லத் தொடங்கி அப்படியே பாடினேன். சைக்கிளில் போன ஒருவர் திரும்பிப் பார்த்தார். நான் நிறுத்தவில்லை.

போகிறவர்களுக்கு: கிராமக் கோயில்களில் ஞாயிறு பூசை சீக்கிரம் முடிந்துவிடும், சனிக்கிழமையே போய்விடுங்கள். அன்பியத்துக்கு அழைத்தால் தயங்காதீர்கள்; ஒரு மணி நேரம், கடைசியில் சுண்டல் உண்டு. ஜனவரியில் அதிகாலை குளிரும், சால்வை வேண்டும்.

மேல் சுருதி இனி வராது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். காலையில் சமையலறையில் ஐந்து நிமிடம் பாடுகிறேன். ஞாயிறுகளில் எங்கள் பாடகர் குழுவில் ஆண்கள் வரிசையில் நிற்கிறேன்.