மடி ஸ்டெப்னி

எந்தக் காரில் ஏறினாலும் முதலில் டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியைப் பார்க்கிற பழக்கம் எனக்கு உண்டு. வாடகைக் காராக இருந்தாலும் விடமாட்டேன். டிரைவர்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள், பார்த்துவிட்டுப் போகட்டும். உள்ளே முழுச் சக்கரம் இருந்தால் பேசாமல் ஏறிக்கொள்வேன். நோஞ்சான் மாதிரி ஒல்லியாக ஒன்று கிடந்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இத்தனை வருஷம் ஆகியும் அந்தக் கோபம் ஆறவில்லை. ஆற வேண்டும் என்று எனக்கு ஆசையும் இல்லை.

எங்கள் வீடு சின்ன காஞ்சிபுரத்தில், கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில். மாமனார் கோயில் கோஷ்டியில் பிரபந்தம் சேவிக்கிறவர். வெளியூர்ப் பெருமாள் கோயில்களில் உற்சவம் என்றாலும் அவரைக் கூப்பிடுவார்கள். அவர் வெறுங்கையோடு போக மாட்டார். தறியிலிருந்து நேராக வந்த பட்டு வஸ்திரம், மாலை, வீட்டில் செய்த புளியோதரை எல்லாம் கூடவே போகும். எல்லாம் மடியாகப் போக வேண்டும். குளித்து, தனியே உலர்த்திய துணியை உடுத்தி, தெருவில் போய் வந்த எதன் மேலும் படாமல் இருப்பது மடி. பட்டுவிட்டால் விழுப்பு. எங்கள் வீட்டில் மனிதர், பாத்திரம், பாய், தலையணை எல்லாம் இந்த இரண்டில் ஒன்று. நானும் அப்படிப்பட்ட வீட்டில் பிறந்தவள்தான். மடியோடு எனக்குச் சண்டை கிடையாது. அதை எங்கே கொண்டுபோய் வைத்தார்கள் என்பதில்தான் சண்டை.

இரண்டாயிரத்துக்குப் பிறகு எங்கள் தெருவில் ஒவ்வொரு வீடாகக் கார் வந்தது. எங்கள் வீட்டுக்கும் வந்தது. வண்டி வாங்கக் குடும்பத்தோடு ஷோரூமுக்குப் போனோம். நிறம் வெள்ளை என்று மாமனார் முடிவு செய்தார். சீட் உறை என்ன நிறம் என்று மாமியார் முடிவு செய்தார். என் கணவர் ஸ்டியரிங்கைத் தடவிப் பார்த்து, சரி என்றார். கடைசியில் ஸ்டெப்னிக்கு வந்து நின்றது. அந்த வண்டியில் இரண்டு விதமாகவும் கிடைக்கும் என்று கழுத்துப்பட்டை கட்டிய விற்பனைக்காரர் டிக்கியின் தரையைத் தூக்கிக் காட்டினார்.

"சார், இது டெம்பரரி. ஒல்லியா இருக்குதுல்ல, பள்ளம் கம்மி, டிக்கில எடம் ஜாஸ்தி. ஆனா எண்பதுக்கு மேல ஓட்டக் கூடாது. பக்கத்துல இருக்கற பஞ்சர் கடை வரைக்கும் போய்ச் சேர்றதுக்குத்தான். ஃபுல் சைஸ் எடுத்தீங்கன்னா எவ்ளோ தூரம் வேணா போலாம். சர்வீஸ்ல அஞ்சு டயரையும் மாத்தி மாத்திப் போட்டுக்கினு இருந்தா எல்லாம் ஒரே மாதிரி தேயும்."

இந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம். மாமனாருக்கு மூக்கில் வியர்த்துவிட்டது.

"மாத்திப் போடறதுன்னா? ரோட்டுல ஓடினது டிக்கிக்குள்ள வருமா?"

"ஆமா சார். ரொட்டேஷன்."

"ரோட்டுல எது எது மேலல்லாம் ஏறி வந்திருக்கும்! அது மேல பலகையைப் போட்டு, அதுக்கு மேல பெருமாள் வஸ்திரத்தை வைக்கச் சொல்றேளா?"

விற்பனைக்காரர் என் கணவரைப் பார்த்தார். என் கணவர் விளக்கைப் பார்த்தார். ஒல்லிச் சக்கரம் கம்பெனியிலிருந்து வந்தபடி அப்படியே இருக்கும், தரையில் படவே படாது, ஆகையால் அதுதான் மடி என்று மாமனார் முடிவு செய்துவிட்டார். அது தரையில் இறங்கத்தானே அப்பா இருக்கிறது என்று கேட்டேன். அப்படி இறங்கிவிட்டால் புதிதாக ஒன்று வாங்கி வைத்துவிட்டால் போயிற்று என்றார். நானும் விடவில்லை.

"பஞ்சர் ஆனா, கழட்டின பெரிய சக்கரத்தை எங்க வெக்கறது? இந்தப் பள்ளத்துல அது எறங்காதே."

"டிக்கில மேலாப்பல போட்டுக்கலாம் மேடம்" என்றார் விற்பனைக்காரர்.

"டிக்கி நெறைய சாமான் இருந்தா?"

"புது வண்டி எடுக்கற அன்னிக்கே பஞ்சரைப் பத்திப் பேசணுமா?" என்றார் மாமனார். "வாயில நல்ல வார்த்தை வராதோ?"

மாமியார் சிரித்தார். கணவரும் சிரித்தார். விற்பனைக்காரருக்கும் வேறு வழியில்லை, சிரித்து வைத்தார். நான் கேட்ட கேள்வி அந்தக் கண்ணாடிக் கடைக்குள்ளேயே கிடந்தது. பூஜையன்று நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிய பிறகு, டிக்கிப் பலகையைத் தூக்கி அந்த ஒல்லிச் சக்கரத்துக்கு மட்டும் மாமனார் தம் கையால் திருமண் இட்டார். நான் தலையில் அடித்துக்கொண்டது யார் கண்ணிலும் படவில்லை.

அப்போது நான் ஒரு தனியார் பள்ளியில் கணக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். பி.எட். முடித்ததும் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து வைத்திருந்தேன். அந்தக் காலத்தில் அரசுப் பள்ளி வேலை பதிவு மூப்புப்படிதான். கல்யாணமாகி வந்த பிறகும் பதிவைப் புதுப்பிக்க ஒரு தடவைகூட நான் தவறியதில்லை. வேலை கிடைத்தால் எனக்கென்று ஒரு பள்ளிக்கூடம், ஒரு கரும்பலகை, என் கையில் என் சம்பளம். காலையில் எங்கே போகிறாய் என்று யாரும் கேட்க முடியாது. வீட்டில் யாருக்கும் அது பெரிதாகத் தெரியவில்லை. எனக்கு வேறு எதுவுமே பெரிதாகத் தெரியவில்லை.

ஒரு வழியாகச் சான்றிதழ் சரிபார்ப்புக்குக் கூப்பிட்டார்கள். செங்கல்பட்டில், காலையில். மூலச் சான்றிதழோடு நேரில் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் பெயரைத் தள்ளிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டுவிடுவார்கள். முதல் பஸ்ஸிலேயே போய்விடுகிறேன் என்றேன். அன்றைக்குத்தான் மாமனார் செங்கல்பட்டைத் தாண்டி ஒரு கிராமத்துக் கோயிலுக்குத் பெருமாளை நீராட்டும் திருமஞ்சனத்தில் பிரபந்தம் சேவிக்கக் கிளம்பினார்.

"கார்தான் அந்த வழியாப் போறதே. வீட்டுல வண்டிய வெச்சுண்டு மாட்டுப்பொண் பஸ்ஸுல தொங்கிண்டு போனா நாலு பேர் என்ன சொல்லுவா?" என்றார் மாமியார்.

நாலு பேருக்காகக் காரில் ஏறினேன். டிக்கியில் புளியோதரைத் தவலை, வெண்கல அண்டா, மாலைக் கூடை. பின் சீட்டில் ஒரு ஓரம் மடிப்புடவையில் மாமியார், நடுவில் வஸ்திரப் பெட்டி, மறு ஓரம் நான். அலுவலகத்துக்குப் போகிறவளாயிற்றே, சாதாரண நூல் புடவை. என் முந்தானை பெட்டியில் படாமல் இருக்கிறதா என்று மாமியார் தெருமுனை தாண்டும்வரை பார்த்துக்கொண்டே வந்தார்.

ஐயம்பேட்டைக்குச் சற்று முன்னால் வண்டி ஒரு பக்கமாக இழுத்தது. இறங்கிப் பார்த்தால் பின் சக்கரத்தில் காற்று இல்லை. அண்டாவையும் தவலையையும் மாமனாரும் மாமியாரும் மட்டும் தொட்டு இறக்கி, வாழையிலை மேல் வைத்தார்கள். என் கணவர் ஒல்லிச் சக்கரத்தை எடுத்து மாட்டினார். அதுவரை எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. கழற்றிய பெரிய சக்கரம் சாலையோரம் கிடந்தது. அதன் பள்ளங்களில் சாணி அப்பியிருந்தது.

டிக்கிப் பள்ளத்தில் வைத்துப் பார்த்தார்கள். இறங்கவில்லை. மேலே வைத்தால் அண்டாவுக்கும் தவலைக்கும் இடமில்லை. இடமிருந்தாலும் அதன் பக்கத்தில் பெருமாளுக்குப் படைக்கிற தளிகையை வைக்க முடியாது. பின் சீட்டில் வைக்கலாம் என்றால் அங்கே வஸ்திரம். முன் சீட்டில் மாமனார். காலடியில் போடலாம் என்றேன். மாமியார் புடவையைத் தூக்கிக்கொண்டார். ஷோரூமில் நான் கேட்டது ஒருவருக்கும் ஞாபகம் வந்ததாகத் தெரியவில்லை.

எதிரே ஒரு பஞ்சர் கடை இருந்தது. கடைக்காரர் இல்லை, அவர் மனைவி இருந்தாள்.

"அவுரு சாமான் வாங்க வாலாஜாபாத் போயிக்கிறாருமா. வந்துக்கினே இருப்பாரு" என்றாள்.

"இங்கயே விட்டுட்டுப் போயிடலாம், திரும்பி வரச்சே எடுத்துக்கலாம்" என்றேன்.

"புது வண்டிச் சக்கரத்தை ஊர் பேர் தெரியாதவா கிட்ட விட்டுட்டுப் போறதா?" என்றார் மாமனார். சற்று யோசித்தார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார். "நீ இங்க எறங்கிக்கோம்மா. அவன் வந்ததும் கூட நின்னு ஒட்ட வெச்சு, அவன் பேரும் போன் நம்பரும் வாங்கிண்டு, பஸ்ஸப் பிடிச்சு செங்கல்பட்டு போயிடு. எங்களுக்குத் திருமஞ்சனத்துக்கு நேரமாறது. நீ எப்படியும் விழுப்புதானே."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. திட்டவில்லை. மழை வரும், குடை எடுத்துக்கொள் என்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பேன்.

"எனக்கும் நேரமாறது அப்பா. பேரைக் கூப்பிட்டு நான் இல்லேன்னா அவ்வளவுதான். போயிடும்."

"பெருமாள் காரியமாப் போறோம். உன் காரியத்தை அவர் பாத்துக்க மாட்டாரா?"

நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் கையில் இருந்த கிரீஸைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தார். "பஸ் நெறைய வரும்" என்றார். அவ்வளவுதான். அவரோடு குடித்தனம் நடத்திய இத்தனை வருஷத்தில் அந்த மூன்று சொல்லை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கச் சொல்லி அவர் கேட்டதும் இல்லை.

பையை எடுத்துக்கொண்டு இறங்கினேன். நான் இருந்த இடத்தில் மாலைக் கூடையை எடுத்து வைத்தார்கள். டிக்கியில் நசுங்காமல் இருக்குமாம். கார் மெதுவாகப் போனது. ஒல்லிச் சக்கரம் அல்லவா, வேகமாகப் போகக் கூடாது.

பஞ்சர் கடைக்காரி என்னையும் சக்கரத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இன்னாம்மா, வண்டில எடம் இல்லியா?"

"இல்ல."

"மூணு பேரு தான போறாங்க?"

எனக்கு வந்தது அழுகை இல்லை, ஆத்திரம். சக்கரத்தைப் பார்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டேன். "தோ, உள்ள உருட்டி வுடுறேன். நீ போம்மா" என்றாள். ஒட்டும்வரை காத்திருக்கிற எண்ணம் எனக்கு ஒரு நொடிகூட வரவில்லை.

முதலில் வந்த பஸ் நிற்கவில்லை. அடுத்ததில் படியிலேயே ஆள் தொங்கியது. சான்றிதழ்ப் பையோடு ஏற முடியவில்லை. ஒரு ஷேர் ஆட்டோ வாலாஜாபாத் வரைக்கும் போனது. அங்கே செங்கல்பட்டு பஸ் ஆள் சேரட்டும் என்று நின்றுகொண்டே இருந்தது. கண்டக்டரோடு சண்டை போட்டேன். டீ குடித்துக்கொண்டிருந்த டிரைவரிடமும் போய்ச் சண்டை போட்டேன். ஊரில் யாரோடு சண்டை போட வேண்டுமோ அவர்கள் எல்லாம் திருமஞ்சனத்துக்குப் போயிருந்தார்கள்.

செங்கல்பட்டில் இறங்கி வெயிலில் ஓடினேன். வராந்தா காலியாக இருந்தது. மேஜையில் இருந்தவர் கட்டுகளைக் கட்டிக்கொண்டிருந்தார்.

"உங்க பேர ரெண்டு தரம் கூப்டாச்சும்மா. ஆப்சென்ட் போட்டு அடுத்த ஆள எடுத்தாச்சு."

வழியில் வண்டி பஞ்சர் என்றேன். அவர் என்னை அற்பமாகப் பார்க்கவில்லை, பாவமாகப் பார்த்தார். அது இன்னும் கேவலமாக இருந்தது. "கார்ல வந்தீங்களா? பஸ்ல வந்திருக்கலாமேம்மா" என்றார். அடுத்த பட்டியலில் பார்க்கலாம் என்றும் சொன்னார். அடுத்த பட்டியலில் என் பெயர் வரவில்லை. பிற்பாடு பரீட்சை என்றார்கள், விதியை மாற்றினார்கள், எனக்கு வயது போயிற்று. கடைசிவரை அந்தத் தனியார் பள்ளியில்தான் கணக்குச் சொல்லிக்கொடுத்தேன்.

பஸ்ஸில் வீடு திரும்பி, விளக்கேற்றிவிட்டு உட்கார்ந்திருந்தேன். கார் வந்து நின்றது. திருமஞ்சனம் அமோகமாம். பட்டரே வஸ்திரத்தைப் புகழ்ந்தாராம். வரும் வழியில் செங்கல்பட்டில் அவர்கள் நிறுத்தவில்லை. ஐயம்பேட்டையில் நிறுத்தியிருந்தார்கள். ஒட்டிய சக்கரத்தை வாங்கி மாட்டி, சாணி போகக் கழுவியும் கொண்டுவந்திருந்தார்கள். வாசலில் நின்றபடியே மாமனார் குரலை உயர்த்தினார். அவர் என்னிடம் குரலை உயர்த்தியது அன்றுதான்.

"சக்கரத்தை யாரை நம்பி விட்டுட்டுப் போனே?"

"என்னை யாரை நம்பி விட்டுட்டுப் போனேளோ, அவாளை நம்பித்தான்."

மாமியார் பிரசாதத் தூக்கைக் கீழே வைத்தார். மாமனார் கால் அலம்பக் கிணற்றடிக்குப் போனார். அவர் போன பிறகு என் கணவர் மெல்லக் கேட்டார்.

"ஆமாம், சரிபார்ப்பு முடிஞ்சுதா?"

"முடிஞ்சுடுத்து" என்றேன். "நான் போறதுக்கு முன்னாடியே."