இவரை எனக்குத் தெரியும்

வங்கியில் பணத்தை எண்ணி வாங்குவது சுலபம். அது யாருடைய பணம் என்று கேட்பதுதான் தலைவலி.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அம்பத்தூர்க் கிளையில் புதுக் கணக்கு கவுண்டர் என்னுடையது. கறுப்புப் பணம் அடுத்தவர் பெயரில் நுழையாமலிருக்க எங்களுக்கிருந்த காவல், அறிமுகக் கையெழுத்து. ஏற்கெனவே கணக்கு உள்ளவர், ‘இவரை எனக்குத் தெரியும்’ என்று கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்து இல்லாமல் வந்தவர்களைத் திருப்பி அனுப்பித் திட்டு வாங்கியவர்களுக்கு அந்தக் கஷ்டம் தெரியும்.

பஞ்சர் பழக்கம்

வங்கி வாசலில் சைக்கிள் கடையும் எங்களிடம் ஒரு கணக்கும் வைத்திருந்த ஏழுமலை, யார் கேட்டாலும் ஒரு டீக்கு அந்தக் கையெழுத்தைப் போட்டுவிடுவார். எனக்கு எரிச்சல். கூப்பிட்டு, “இத்தனை பேரையும் நிஜமாகவே தெரியுமா?” என்றேன்.

கிரீஸ் கையை லுங்கியில் துடைத்துக்கொண்டார். “இன்னா மேடம் இப்டி கேட்டுட்டீங்க? அல்லாருக்கும் நான்தானே பஞ்சர் ஒட்டிகினு கீறேன்!”

மூன்று பேர், ஒரு பை

ஒருநாள் வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர், மூன்று கட்டட வேலைக்காரர்கள் பெயரில் கணக்குத் தொடங்க வந்தார். மூன்று படிவத்திலும் ஏழுமலை கையெழுத்து. பணப்பை மட்டும் அவர் மடியில். அவர்களைத் தனியே கூப்பிட்டு, பணம் யாருடையது என்று கேட்டேன். “சாரோடதும்மா. எங்களுக்கு ஒரு நாள் கூலி குடுத்து இட்டாந்தாரு” என்றார் கோவிந்தன் கொத்தனார்.

முடியாது என்றேன். வெள்ளைச் சட்டை பையோடு நடையைக் கட்டியது. கோவிந்தன் மட்டும் நகரவில்லை. தன் பெயர் போட்ட பாஸ்புக் கிடைக்கும் என்று ஆசையாக வந்திருக்கிறார். எனக்குப் பாவமாகப் போய்விட்டது. “சொந்தப் பணத்தோடு, உங்களை நிஜமாகவே தெரிந்த ஒருத்தரோடு வாருங்கள், தருகிறேன்” என்றேன்.

“பணம் சேத்துடுவேம்மா. ஆனா பேங்குல கணக்கு வச்சிகினு கீறவன் எவன் என்னைத் தெரியும்னு சொல்லுவான்?”

மேரியின் டிராஃப்ட்

அதன்பிறகு ஏழுமலை கையெழுத்து செல்லாது என்றார் மேனேஜர். அதில் மாட்டியவள் திருமுல்லைவாயல் மேரி. நிறைமாதம். பிரசவச் செலவுக்குப் புருஷன் துபாயிலிருந்து டிராஃப்ட் அனுப்பியிருந்தான். அதை மாற்றக் கணக்கு வேண்டும். உண்டியல் என்கிற கள்ளவழியில் அனுப்பியிருந்தால், அந்த ஆள் ஒரு கேள்வியும் கேட்காமல் பணத்தை வீட்டு வாசலில் கொடுத்திருப்பான். இவள்தான் நேர்வழியில் வரட்டும் என்று சொன்னவள். அவளைத் தண்டிக்க எனக்கு மனசு வரவில்லை.

மாலையில் பஸ் பிடித்து அவள் வீட்டுக்கே போனேன். ஜப்திக்கு வந்திருப்பதாக நினைத்துத் தெருவே கூடிவிட்டது. கல்யாண போட்டோ, கடிதங்கள், பக்கத்து வீட்டார் என்று ஒன்று விடாமல் விசாரித்தேன். மறுநாள் அறிமுகக் கையெழுத்தை நானே போட்டேன்.

மேரி மூச்சு வாங்கியபடி சிரித்தாள். “பொண்ணு பாக்க வந்தவங்ககூட இம்மாங் கேள்வி கேக்கல மேடம்!”

மறுபடியும் மேரி

அவள் குழந்தை நடக்கத் தொடங்கிய சமயம், இடுப்பில் அதோடு வந்தாள். பின்னால், இஸ்திரி போட்ட சட்டையில் கோவிந்தன். கைக்குட்டையில் கசங்கிய நோட்டுகள். ஆனாலும் விதி விதிதானே. “இவரை உனக்கு எப்படித் தெரியும்?” என்றேன்.

“நம்ப ஊட்ல ரூம் கட்றாரு. அத்த மட்டும் சொன்னா நீங்க உடமாட்டீங்கன்னு, நேத்து அவரு ஊட்டுக்கே போயி, அவரு சம்சாரத்தாண்ட அல்லாத்தையும் கேட்டுகினு வந்தேன் மேடம். இவர எனக்குத் தெரியும்.”

கறுப்புப் பணத்தை எவ்வளவு தடுத்தேனோ தெரியாது, திருமுல்லைவாயலில் என்னைவிடப் பெரிய சந்தேகப் பிராணி ஒருத்தியை உருவாக்கிவிட்டேன்.